வாள் வெட்டுப் பயிற்சிக்கு ஒரு மர ஸ்டாண்ட்... இதுல ஒரு ஆணிகூட மேலே தெரியக் கூடாது! ஏன் தெரியுமா?

ரீல்ஸ்ல இந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்த்திருப்பீங்க. ஜப்பானிய உடையில் ஒருவர் அசையாமல் நிற்பார். எதிரே, ஒரு மரத்தாங்கியின் மேல் சுருட்டிய பாய் ஒன்று செங்குத்தாக நிற்கும். வாள் ஒருமுறை மின்னும். பாயின் மேல்பகுதி சாய்வாக வழுக்கிக் கீழே விழும். மிச்சப் பாய் எதுவுமே நடக்காத மாதிரி அப்படியே நிற்கும்.

கமென்ட் செக்‌ஷனில் எல்லாரும் வாளைப் பற்றிப் பேசுவாங்க, வெட்டியவரைப் பற்றிப் பேசுவாங்க. பாயைத் தாங்கி நிற்கிற அந்த மர ஸ்டாண்டை யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனால், வெட்டினவர் முழுக் கை காலோட வீட்டுக்குப் போறதில் அந்த ஸ்டாண்டுக்குப் பெரிய பங்கு இருக்கு. அது ஆடினா வாள் திசை மாறும். அது சாய்ந்தால் வெட்டுபவரின் கால் மேலே விழும். அதில் ஓர் இரும்பு ஆணி துருத்திக்கிட்டு இருந்தா, வாளின் முனை சில்லாகத் தெறிக்கும்.

இந்த ஸ்டாண்டை வீட்டிலேயே எப்படிச் செய்வது, அதன் ஒவ்வொரு அளவுக்கும் பின்னால் என்ன காரணம் இருக்கு, கையில் வாளே இல்லாதவங்க இதை எப்படிப் பயன்படுத்தலாம்... எல்லாத்தையும் வரிசையாகப் பார்க்கலாம்.

இந்தப் பயிற்சிக்குப் பேர் என்ன?

ஜப்பானிய மொழியில் இதைத் 'தமேஷிகிரி' என்கிறார்கள். 'தமேஷி' என்றால் சோதனை. 'கிரி' என்றால் வெட்டு. ஆக, 'சோதனை வெட்டு'.

ஆரம்பத்தில் சோதிக்கப்பட்டது மனிதரின் திறமை இல்லை, வாளின் தரம். எடோ காலத்தில், மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட குற்றவாளிகளின் உடல்களை வெட்டித்தான் புது வாள்களைச் சோதித்தார்கள். கேட்கவே ஒரு மாதிரி இருக்கு இல்லையா? அதற்கென்றே 'யமாடா அசாஎமோன்' என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ஒரு குடும்பம் இருந்தது. 'ஹெல்ஸ் பாரடைஸ்' அனிமே பார்த்தவங்களுக்கு இந்தப் பெயர் பழக்கமா இருக்கும். அதில் வரும் சகிரி இந்தக் குடும்பத்துப் பெண்ணாகத்தான் படைக்கப்பட்டிருக்கிறாள். சோதனையில் தேறிய வாளின் கைப்பிடிக்குள் மறையும் பகுதியில், அது எப்படி வெட்டியது என்ற விவரத்தைப் பொறித்து வைப்பார்கள். அந்தக் காலத்து ஐ.எஸ்.ஐ முத்திரை என்று வெச்சுக்கலாம்.

1876-ல் ஜப்பான் அரசு, பொது இடங்களில் வாள் அணிந்து நடமாடுவதற்குத் தடை போட்டது. வாள் தெருவை விட்டு மெதுவாகப் பயிற்சிக் கூடத்துக்குள் போனது. 1925-ல் டோயாமா ராணுவப் பள்ளியில் ராணுவ அதிகாரிகளுக்காக ஒரு வாள்முறை வகுக்கப்பட்டது. அந்த மரபில் வந்த நகமுரா தைசபுரோ (1912 - 2003) பின்னாளில் தன் பெயரிலேயே ஒரு பாணியை உருவாக்கினார். 'நிரந்தரம்' என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்து ஒன்று உண்டு. தூரிகையால் எழுதும்போது அதில் எட்டுக் கோடுகள் வரும். அந்த எட்டுக் கோடுகளின் திசைகளிலிருந்து எட்டு வகை வெட்டுகளைப் பிடித்தவர் அவர். கையெழுத்துப் பயிற்சியிலிருந்து வாள் பயிற்சி பிறந்த கதை இது.

இன்றைக்குத் தமேஷிகிரியில் சோதிக்கப்படுவது வாள் அல்ல, அதைப் பிடித்திருக்கும் ஆள். காற்றில் எத்தனை ஆயிரம் முறை வேணாலும் வீசலாம். அதில் தப்பு எது, சரி எதுன்னு காற்று சொல்லாது. பாய் சொல்லிடும்.

ஏன் பாய்? ஏன் நனைத்த பாய்?

ததாமி என்பது ஜப்பானிய வீடுகளின் தரை விரிப்பு. அதன் மேலுறையாக இருக்கும் மெல்லிய பாயைத்தான் இதற்கு எடுக்கிறார்கள். 'இகுசா' என்ற கோரை போன்ற புல்லில் நெய்யப்படுவது இது. ஜப்பானில் இந்தப் புல்லின் பெரும்பகுதி குமமோட்டோ மாகாணத்தில் விளைகிறது. நம்ம ஊர் கோரைப்பாயைக் கையில் தொட்டிருந்தா, அந்தப் பதம் உங்களுக்கு ஓரளவு புரிஞ்சிடும்.

பாய் ஏறக்குறைய 90 செ.மீ அகலமும் 180 செ.மீ நீளமும் இருக்கும். சுருட்டி நிறுத்தினால் 90 செ.மீ உயரத்தில் ஓர் உருளை கிடைக்கும். மூன்று, நான்கு இடங்களில் கயிறோ ரப்பர் பேண்டோ போட்டுக் கட்டி, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பிறகு செங்குத்தாக நிறுத்தி நீரை வடியவிடுகிறார்கள்.

காய்ந்த பாய் முரண்டு பிடிக்கும். வாளில் கீறல் போடும். நனைந்த பாயில் நார் இளகி, சதையைப் போன்ற எதிர்ப்பைக் கொடுக்கும். சில நேரம் நடுவில் பச்சை மூங்கிலை வைத்துச் சுருட்டுவார்கள். அது எலும்புக்குப் பதில்.

ஸ்டாண்டின் நான்கு கடமைகள்

மரம் வாங்கப் போகும் முன், இந்த ஸ்டாண்ட் என்னென்ன செய்யணும் என்று தெரிஞ்சுக்கோங்க. அளவுகளை அப்புறம் நீங்களே உங்க உயரத்துக்கு மாற்றிக்கலாம்.

ஒன்று, சாயக் கூடாது. வெட்டு விழும் இடம் தரையிலிருந்து நாலு, நாலரை அடி உயரத்தில் இருக்கு. அவ்வளவு உயரத்தில் தள்ளும்போது, கீழே சின்ன அடிப்பாகம் இருந்தா மொத்தமும் குடை சாய்ந்துடும். அடிப்பாகம் அகலமாகவும் கனமாகவும் இருக்கணும்.

இரண்டு, பாய் சுழலக் கூடாது. தளர்வாகச் செருகிய பாய், வாள் பட்டதும் கொஞ்சம் திரும்பும். வாள் பாதியில் சிக்கும். சிக்கிய வாளை இழுக்கப் போய்த்தான் பலர் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள்.

மூன்று, வாள் தவறிப் பட்டாலும் வாளுக்குச் சேதம் வரக் கூடாது. அதனால், வாள் எட்டக்கூடிய இடத்தில் ஆணி, ஸ்க்ரூ, இரும்புப் பட்டை எதுவுமே வேண்டாம். தெறிக்கும் உலோகச் சில்லு வாளை மட்டும் கெடுக்காது, கண்ணுக்கும் ஆபத்து.

நான்கு, அடிபடும் பாகம் மலிவாக, மாற்றக்கூடியதாக இருக்கணும். பாயைத் தாங்கும் முளைக்குச்சி என்றைக்காவது வெட்டுப்படும். அதைப் பிடுங்கிப் போட்டு வேறு ஒன்றைச் சொருக முடியணும்.

என்னென்ன தேவை?

* அடிப்பாகத்துக்கு: 3 அங்குல அகலம், 2 அங்குல தடிமன், 30 அங்குல நீளத்தில் இரண்டு சட்டங்கள்
* நடுக்கம்பத்துக்கு: 3-க்கு 3 அங்குலச் சதுரக் கட்டை, 24 அங்குல நீளம்
* முளைக்குச்சிக்கு: 1 அங்குல விட்டமுள்ள உருட்டுக் கட்டை, 10 அங்குல நீளம் (இரண்டு மூன்று கூடுதலாகச் செய்து வைப்பது நல்லது)
* முட்டுக்கொடுக்க: முக்கோணமாக அறுத்த நான்கு மரத்துண்டுகள், ஒவ்வொன்றும் 8 அங்குல உயரம்
* கால்களுக்குக் கீழே ஒட்ட: 1 அங்குல தடிமனில் நான்கு சிறு கட்டைகள்
* மரப்பசை, மரக் குச்சிகள், கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஸ்க்ரூக்கள், ஒரு 5 அங்குல நீள ஸ்க்ரூ போல்ட்
* ரம்பம், உளி, ட்ரில், மூலைமட்டம், ரசமட்டம், உப்புத்தாள்

கம்பத்துக்குப் பைன் மாதிரி மென்மையான மரம் போதும். விலையும் குறைவு, வாள் பட்டாலும் விட்டுக்கொடுக்கும். முளைக்குச்சிக்கு மட்டும் கொஞ்சம் உறுதியான மரம் வேணும். அதில் முடிச்சு இருக்கக் கூடாது. நார் ஓட்டம் மேலிருந்து கீழாக நேராக இருக்கணும். நார் குறுக்கே ஓடினால், முதல் மோசமான வெட்டிலேயே குச்சி முறிஞ்சிடும்.

மரவாடியில் புது மரம் வாங்காமல் பழைய பேக்கிங் பெட்டி மரத்தை எடுக்கறீங்களா? தாராளமா எடுக்கலாம். ஆனால், அறுக்கும் முன் நாலு பக்கமும் ஒரு காந்தத்தைத் தேய்ச்சுப் பாருங்க. தலை உடைந்து உள்ளே புதைந்திருக்கும் ஆணி கண்ணுக்குத் தெரியாது, காந்தத்துக்குத் தெரியும்.

ஸ்டெப் பை ஸ்டெப்: செய்முறை

ஸ்டெப் 1: கூட்டல்குறி அடிப்பாகம். இரண்டு சட்டங்களின் சரியான நடுவையும் குறியுங்கள். ஒவ்வொன்றிலும் 3 அங்குல அகலத்துக்கு, பாதித் தடிமன், அதாவது 1 அங்குல ஆழம் செதுக்கி எடுங்கள். ஒன்றில் மேல்பக்கம், இன்னொன்றில் கீழ்ப்பக்கம். இப்போது இரண்டையும் கூட்டல்குறி மாதிரி வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து, மேல்பரப்பு ஒரே மட்டமாகிவிடும். பசை போட்டு, கீழிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். நான்கு முனைகளின் அடியிலும் சிறு கட்டைகளை ஒட்டினால், நடுப்பகுதி தரையில் படாது. மேடு பள்ளமான இடத்திலும் ஸ்டாண்ட் தள்ளாடாது.

ஸ்டெப் 2: கம்பத்தில் குழி. கம்பத்தின் மேல்முகத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டால் நடுப்புள்ளி கிடைக்கும். அங்கே 1 அங்குல பிட் போட்டு, 4 அங்குல ஆழத்துக்குத் துளையிடுங்கள். சுற்றிலும் 1 அங்குல மரம் மிஞ்சும். விரிசல் விடாமல் இருக்க அது தேவை. துளை கோணலாகப் போனால் முளையும் கோணலாக நிற்கும். முளை கோணினால் பாயும் கோணும். அவசரப்படாமல், மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு ட்ரில் பண்ணுங்க.

ஸ்டெப் 3: கம்பத்தை நிறுத்துவது. கூட்டல்குறியின் நடுவில் பசை போட்டுக் கம்பத்தை நிறுத்துங்கள். அடியிலிருந்து 5 அங்குல போல்ட்டை ஏற்றினால், 2 அங்குலம் அடிப்பாகத்திலும் 3 அங்குலம் கம்பத்திலும் பிடிக்கும். போல்ட்டின் தலை வெளியே நீட்டாதபடி முதலிலேயே ஒரு பள்ளம் தோண்டி, அதற்குள் இறக்கிவிடுங்கள். ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பசையைக் காயவிடணும்.

ஸ்டெப் 4: முட்டுக்கட்டைகள். நான்கு பக்கமும் முக்கோணத் துண்டுகளை வைத்து, அடிப்பாகத்தோடு சேரும் இடத்தில் கீழிருந்து ஸ்க்ரூ போடுங்கள். கம்பத்தோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூ வேண்டாம். சிறு துளைகள் போட்டு, பசை தடவிய மரக் குச்சிகளை அடித்து இறக்குங்கள். ஒரே ஒரு ரூல் ஞாபகம் வெச்சுக்கோங்க. தரையிலிருந்து அரை அடிக்கு மேல் இந்த ஸ்டாண்டில் உலோகமே இருக்கக் கூடாது.

ஸ்டெப் 5: முளைக்குச்சி. 10 அங்குலத்தில் 4 அங்குலம் குழிக்குள் போகும், 6 அங்குலம் மேலே நிற்கும். மேல்முனையைப் பென்சில் மாதிரி கொஞ்சம் கூராக்குங்கள். அப்போதுதான் இறுக்கமாகச் சுருட்டிய பாயின் நடுவில் அது நுழையும். குழிக்குள் போகும் பகுதியில் பசை போடவே போடாதீங்க. கையால் அழுத்தினால் இறுக்கமாக உட்காரணும், திருகி இழுத்தால் வெளியே வரணும். தொளதொளவென்று இருந்தால் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிச் சொருகலாம்.

ஸ்டெப் 6: மேல்முனைக்குக் கயிறு. ஈரமும் அதிர்வும் சேரும்போது கம்பத்தின் மேல்முனை பிளக்கப் பார்க்கும். இரும்பு வளையம் போடுவதுதான் தச்சு வேலையில் வழக்கம். இங்கே அது கூடாது. அதற்குப் பதில் கயிறை நெருக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள்.

கடைசியாக உப்புத்தாள் போட்டுச் சிலாம்புகளை நீக்கி, வார்னிஷ் அடியுங்கள். நனைந்த பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கிட்டே இருக்கும். பூச்சு இல்லாத மரம் சீக்கிரம் ஊறி உப்பிடும்.

உயரம் சரியா இருக்கா?

மேலே சொன்ன அளவில் கால் கட்டை, அடிப்பாகம், கம்பம் எல்லாம் சேர்ந்து 27 அங்குலம், அதாவது சுமார் 69 செ.மீ. அதன் மேல் 90 செ.மீ பாய். மொத்தம் 160 செ.மீ-க்குப் பக்கத்தில் வரும். சராசரி உயரமுள்ள ஒருவருக்குப் பாயின் உச்சி ஏறக்குறைய கண் மட்டத்தில் இருக்கும். நீங்கள் உயரம் குறைவென்றால் கம்பத்தை நாலைந்து அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

பாயின் அடிப்பகுதியில் 6 அங்குலம் முளைக்குச்சி மறைந்திருக்கிறது. அதனால் பாயின் கீழிருந்து 9, 10 அங்குல உயரத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டிடுங்க. அந்தக் கோட்டுக்குக் கீழே வாள் இறங்கவே கூடாது. சாய்வாக வெட்டும்போது வாள் நுழையும் இடத்தைவிட வெளியேறும் இடம் கீழே இருக்கும் என்பதையும் கணக்கில் வெச்சுக்கணும்.

சாயாமல் இருக்கணுமா? மணல் மூட்டை போடுங்க

கூட்டல்குறி அடிப்பாகத்தில் ஒரு சூட்சுமம் இருக்கு. கால் நீண்டிருக்கும் திசையில் ஸ்டாண்ட் எளிதில் சாயாது. இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள வெற்றுத் திசையில்தான் எளிதாகச் சாயும். காரணம் சிம்பிள். கால் திசையில் நடுவிலிருந்து 15 அங்குலம் பிடிமானம் இருக்கு. நடுத்திசையில் அது 10, 11 அங்குலமாகக் குறைந்துடும். ஆகவே, உங்கள் வெட்டு எந்தப் பக்கம் பாயைத் தள்ளுமோ, அந்தப் பக்கம் ஒரு கால் நீட்டியிருக்கும்படி ஸ்டாண்டைத் திருப்பி வையுங்கள்.

நான்கு கால்களின் முனையிலும் தலா 5 கிலோ மணல் மூட்டை. 5 கிலோ அரிசிப் பையே போதும். நடுவில் குவித்து வைக்காமல் முனைகளில் வைத்தால்தான் முழுப் பலன். பிறகு, பாயைச் செருகி, அதன் உச்சியைக் கையால் தள்ளிப் பாருங்க. லேசாகத் தள்ளியதுமே கால் தூக்கினால் இன்னும் மணல் வேணும். அடுத்து ஒரு மரக் குச்சியால் பாயைப் பலமாக அடிச்சுப் பாருங்க. ஸ்டாண்ட் அதைத் தாங்கினால் தேறிடுச்சு.

ஸ்டாண்ட் பொய் சொல்லாது!

வாள்கலையில் 'ஹசுஜி' என்று ஒரு சொல் உண்டு. வாளின் விளிம்பு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, வாள் நகரும் பாதையும் அதே கோணத்தில் இருக்கணும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கூர்மை வேலை செய்யும். கொஞ்சம் பிசகினாலும் வாளின் பக்கவாட்டுப் பகுதி பாயில் மோதும். அப்போது அது வெட்டு இல்லை, அடி.

இதைக் கண்டுபிடிக்க வீடியோ எடுத்து ஸ்லோமோஷனில் பார்க்கணும் என்றில்லை. ஸ்டாண்டைப் பாருங்க.

* சரியான வெட்டில் ஸ்டாண்ட் அசையாது. ஆடினால், நீங்கள் பலத்தால் வெட்டப் பார்த்திருக்கிறீர்கள்.
* வெட்டிய முகம் தட்டையாக இருந்தால் ஹசுஜி சரி. கரண்டியால் வழித்த மாதிரி வளைந்திருந்தால், வெட்டின் நடுவில் மணிக்கட்டு திரும்பியிருக்கு.
* வாள் பாதியில் நின்றுவிட்டால், கோணம் தப்பாக இருந்திருக்கும் அல்லது வெட்டைப் பாதியிலேயே முடித்திருப்பீர்கள்.
* பாய் முளையை விட்டுப் பறந்து போனால், அது நிச்சயம் அடிதான்.

பெரும்பாலும் முதலில் கற்பது 'கேசாகிரி'. தோளிலிருந்து இடுப்பை நோக்கி இறங்கும் சாய்வு வெட்டு. கீழிறங்கும் வெட்டு பாயை ஸ்டாண்டோடு சேர்த்து அழுத்துவதால் இதில் கொஞ்சம் மன்னிப்பு உண்டு. கீழிருந்து மேலே போகும் வெட்டில் பாய் முளையிலிருந்து கழன்று வரப் பார்க்கும். கிடைமட்ட வெட்டில் பாயைத் தாங்கிப் பிடிக்க எதுவுமே இல்லை. அதனால் இவை இரண்டும் கடினம்.

பலசாலி தோற்று, ஒல்லியானவர் ஜெயிக்கிற விளையாட்டு இது. சக்தியைக் கூட்டுவதால் வெட்டு சரியாகாது. கோணம் சரியானால் சக்தி தானாகவே போதுமானதாகிவிடும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

அலங்கார வாள் வேண்டாம். ஷோகேஸில் மாட்டி வைக்கிற, பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாள்களில், கைப்பிடிக்குள் போகும் நாக்குப் பகுதி பெரும்பாலும் மெல்லிய கம்பியாக ஒட்டவைக்கப்பட்டிருக்கும். வேகமாக வீசினால் பிளேடு மட்டும் கழன்று அம்பு மாதிரிப் பறக்கும். எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் தப்பிக்க முடியாது. இந்தப் பயிற்சியில் நடக்கக்கூடிய மிக மோசமான விபத்து இதுதான்.

மூங்கில் ஆணியைப் பாருங்க. முறையான ஜப்பானிய வாளில் பிளேடையும் கைப்பிடியையும் பிணைப்பது 'மெகுகி' என்கிற சின்ன மூங்கில் ஆணி. சுண்டுவிரல் அளவுகூட இல்லாத அதை நம்பித்தான் மொத்த வாளும் இருக்கு. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னாலும் அது தளர்ந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது பயிற்சிக் கூடங்களில் கட்டாயம்.

எதிரில் யாரும் நிற்கக் கூடாது. செல்போனில் ஷூட் பண்ணும் நண்பர் உட்பட! வெட்டுபவரின் முன்னாலும் பக்கவாட்டிலும் ஆட்களே வேண்டாம். பின்னால், நல்ல தூரத்தில் நின்றுதான் பார்க்கணும். குழந்தைகளும் நாய்களும் வராத இடமாக இருக்கணும்.

விழுவதைப் பிடிக்காதீங்க. பாய் விழட்டும், ஸ்டாண்டும் விழட்டும். கையோ காலோ நீட்டித் தடுக்கப் போவது இயல்பான அனிச்சைச் செயல். அந்த நொடியில் கையில் வாள் இருக்கு என்பது மறந்துபோகும். ஏதாவது சாய்ந்தால் ஓரடி பின்னால் போங்க, அவ்வளவுதான்.

தரையையும் பாருங்க. பாயிலிருந்து சொட்டிய தண்ணீரில் வழுக்கி விழுவதும் நடக்கும். மொசைக் தரை, மொட்டை மாடி டைல்ஸ் எல்லாம் வேண்டாம்.

பயிற்சி முடிந்ததும் வாளை உடனே துடைத்துவிட வேண்டும். ஈரப் புல்லின் சாறு பட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும். ஜப்பானில் இதற்குப் பூசும் பாரம்பரிய எண்ணெயில் கிராம்பு வாசம் வீசும். முளைக்குச்சியையும் பிடுங்கித் தனியாகக் காயவையுங்கள்.

நம்ம ஊர்ல இதைச் செய்யலாமா?

ஸ்டாண்ட் செய்யலாம், அது வெறும் மரச்சாமான். வாள் விஷயம் வேறு. இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும் இருக்கின்றன. வாள், குத்துவாள், ஈட்டி போன்றவையும், பிளேடு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகளும் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. பட்டாக்கத்தியில் பிறந்தநாள் கேக் வெட்டி, அதை ரீல்ஸாகப் போட்டுக் கம்பி எண்ணியவர்களின் செய்திகளை நீங்களே படிச்சிருப்பீங்க. ஆன்லைனில் கிடைக்குது என்பதற்காக ஆர்டர் போட்டுடாதீங்க. உங்கள் பகுதிக்கு என்ன விதி என்று முதலில் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

ஜப்பானிலும் இது 'வாங்கினோமா, வெட்டினோமா' கதை இல்லை. அங்கே கூர்மையான பாரம்பரிய வாளுக்குப் பதிவுச் சான்று இருக்கணும். பயிற்சியிலும் மர வாள், கூரில்லாத உலோக வாள் எனப் படிகள் உண்டு. கூர்மையான வாள் கைக்கு வருவது ஆசிரியர் சரி என்ற பிறகுதான். 'டீமன் ஸ்லேயர்' தஞ்சிரோவே பாறையை வெட்டுவதற்கு முன் எவ்வளவு காலம் மலையில் அடி வாங்கினான் என்று ஞாபகம் இருக்கா?

வாள் இல்லையா? ஸ்டாண்டை வீணாக்காதீங்க!

முளைக்குச்சியைக் கழற்றிவிட்டு, அதே குழியில் பொருந்துமாறு ஒரு நீளக் கம்பைச் சொருகி, மேலே பழைய ரப்பர் மேட்டையோ துணியையோ சுற்றிக் கட்டினால், மர வாளாலோ சிலம்பக் கம்பாலோ அளவான வேகத்தில் தட்டிப் பழக ஓர் இலக்கு ரெடி. கெண்டோ பயிற்சியில் ஆள் இல்லாத நேரத்தில் அடித்துப் பழக இது போன்ற பொம்மை இலக்குகளைப் பயன்படுத்துகிறார்கள்.

முழு பலத்தோடு அடிக்க ஆசையா? அதற்கு நிலத்தில் ஆழமாக நட்ட கம்பம்தான் சரி. ஜப்பானின் தெற்கே, ககோஷிமாவில் வளர்ந்த 'ஜிகென்-ரியு' மரபில், நட்ட மரக்கம்பத்தைக் கட்டையால் அடிப்பதுதான் அடிப்படைப் பயிற்சி. 'காலையில் 3,000, மாலையில் 8,000' என்பது அந்த மரபில் சொல்லப்படும் கணக்கு. கூர்மையே இல்லாத ஒரு கட்டையை வைத்துக்கொண்டு வாள்வீரர்களை உருவாக்கியிருக்கிறார்கள்!

வாள் மேல் நிஜமான காதல் இருந்தால் ஃபென்சிங் பக்கமும் போகலாம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், இந்தியாவிலிருந்து முதல்முறையாக வாள்வீச்சில் களம் இறங்கியவர் சென்னைப் பெண்ணான பவானி தேவி. சிலம்பம் சொல்லித் தரும் ஆசான்களும் நம்ம ஊரில் இருக்காங்க. யாராவது ஒருவரிடம் சேர்ந்து, முதலில் எப்படி நிற்பது என்று கத்துக்கோங்க.

இந்த வார இறுதியில் நேரம் கிடைத்தால் மரத்தை மட்டும் வாங்கி, அந்தக் கூட்டல்குறி அடிப்பாகத்தைச் செதுக்கிப் பாருங்க. இரண்டு சட்டங்களும் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று உட்காருவதற்குள் உளியின் கோணம் என்றால் என்ன என்று கைக்குப் புரிஞ்சிடும். அரை டிகிரி பிசகினால் உளி மரத்தைப் பிய்க்கும். கோணம் சரியாக விழுந்தால் சீவல் சுருள் சுருளாக வரும். ஹசுஜியின் முதல் பாடம் அங்கேயே ஆரம்பிச்சிடும்.